அஞ்சறைப் பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர்



மிக்சி வாங்கப் போனால் எத்தனை வாட், எத்தனை ஜார், மோட்டாருக்கு எத்தனை வருட வாரண்டி என்று கடைக்காரரைக் குடைந்து எடுத்து விடுகிறோம். பட்டுப் புடவை என்றால் முந்தானையைத் திருப்பிப் போட்டு ஜரிகையைப் பார்க்காமல் பில் போட விடுவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் என்று வந்தால் மட்டும், "அதெல்லாம் அவருக்குத் தான் தெரியும்" என்று கடை வாசலிலேயே நின்று விடுகிறோம். பணம் மட்டும் நம் சீட்டுப் பணம்!

நான் பத்தாவது வரை படித்தவள். எட்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டரை நானே பார்த்து வாங்கி, நானே மாட்டி, இன்று வரை நானே பார்த்துக் கொள்கிறேன். அதில் தெரிந்து கொண்டதை நம் தோழிகளுக்கும் சொல்லலாமே என்று தான் இந்தக் கடிதம்.

கம்ப்யூட்டர் என்றதும் மேஜைக்கு அடியில் காலை இடித்துக் கொண்டு நிற்குமே, அந்தப் பெரிய சி.பி.யு. பெட்டியை நினைக்காதீர்கள். நான் சொல்வது மினி பி.சி. ஏழு அங்குல சதுரம், உயரம் ஒன்றரை அங்குலம் கூட இல்லை. நம் அஞ்சறைப் பெட்டியைச் சதுரமாகத் தட்டி வைத்தது போல் இருக்கும். எடை ஒன்றேகால் கிலோ பக்கம். லெனோவோவில் "டைனி" என்பார்கள், டெல்லில் "மைக்ரோ", எச்.பி.யில் "மினி". 2005-ல் ஆப்பிள் கம்பெனி "மேக் மினி" என்று ஒன்று விட்டது. அதற்குப் பிறகு மற்ற கம்பெனிகளும் இந்த மாதிரிச் சின்னப் பெட்டிகளை நிறையச் செய்யத் தொடங்கின. பேங்கிலோ ஆஸ்பத்திரி கவுண்டரிலோ மானிட்டரின் முதுகில் ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டிக் கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தான் இது.

பெரிய ஆபீஸ்களில் சில வருடத்துக்கு ஒருமுறை இவற்றை மொத்தமாக மாற்றி விடுகிறார்கள். அப்படிக் கழித்து விட்டவை துடைத்துச் சுத்தம் செய்யப்பட்டு, பழைய சாமான் கடைகளிலும் "ரீஃபர்பிஷ்டு" என்ற பெயரிலும் விற்பனைக்கு வருகின்றன. நம் மாதிரி வீடுகளுக்கு லாபம் இங்கே தான் இருக்கிறது, ஏமாறும் இடமும் இங்கே தான் இருக்கிறது.

"லேப்டாப் வாங்கி விடலாமே" என்று தான் என் கணவர் சொன்னார். நியாயம் தான். கரண்ட் போனாலும் ஓடும், ஊருக்கு எடுத்துப் போகலாம். காலேஜ் போகிற பிள்ளை இருக்கும் வீட்டுக்கு லேப்டாப் தான் சரி. ஆனால் நம் ஊரில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றன, பாருங்கள். பேட்டரி செத்திருக்கும், அல்லது கீ போர்டில் நாலு எழுத்து வேலை செய்யாது. ஒரு பாகம் போனாலும் முழுசாகப் பிரிக்க வேண்டும். மினி பி.சி.யில் எல்லாம் தனித்தனி. கீ போர்டில் காபி கொட்டினால் கீ போர்டு மட்டும் தான் போகும், முந்நூறு நானூறு ரூபாயோடு முடியும். என்னுடைய கணக்கு இது தான். வீட்டில் ஓர் இடத்தில் இருந்து நாலு பேரும் பயன்படுத்துவதற்கு இந்தச் சின்னப் பெட்டி போதும்.

இனி கடைக்குப் போவோம்.

எங்கள் பக்கத்து டவுனில் ஒரு கடை. பெயர் வேண்டாம். "அக்கா, ஐ5 தான்க்கா. பதினாறு ஜி.பி. ராம். விண்டோஸ் 11 போட்டுக் குடுத்திருக்கோம். பதினோராயிரம் தான், கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைத் தம்பி. கண்ணை மூடிக் கொண்டு வாங்கச் சொன்னாலே நான் கண்ணை இன்னும் அகலமாகத் திறப்பவள். சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பி போனில் ஒரே ஒரு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தான். "அக்கா, ஐ5-னு சொன்னா விட்டுடாத. கோடு போட்டு அப்புறம் வர்ற நம்பரப் பாரு."

தோழிகளே, இந்த ஒன்றை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி பர்சில் வைத்துக் கொள்ளுங்கள். ஐ3, ஐ5, ஐ7 என்பது அரிசியில் பொன்னி, பாசுமதி என்பது போல ரகத்தின் பெயர். அது எந்த வருடத்து அறுவடை என்பதை அந்த நம்பர் தான் சொல்லும். ஐ5-6500 என்றிருந்தால் ஆறாவது தலைமுறை. ஐ5-8500 என்றால் எட்டாவது. ஐ5-10500 என்று ஐந்து இலக்கம் வந்தால் முதல் இரண்டு இலக்கம், அதாவது பத்தாவது. கடைகளில் இதை "ஜெனரேஷன்" அல்லது "ஜென்" என்பார்கள். கடைசியில் "டி" என்ற எழுத்து இருந்தால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப், சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் அது தான் இருக்கும்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்தி விட்டது. அடுத்ததான விண்டோஸ் 11-ஐ அவர்கள் முறைப்படி ஏற்றுக் கொள்வது, இன்டெல் சிப் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறையிலிருந்து தான். ஆறு, ஏழில் எல்லாம் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றி விடலாம், ஓடவும் ஓடும். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று கம்பெனி உத்தரவாதம் தராது. அதனால் தான் பழைய பெட்டிகள் இப்போது மலிவாகக் கடைகளில் குவிகின்றன. பேங்க் கணக்கும் ஆதாரும் பார்க்கிற மெஷினுக்குப் பாதுகாப்பு வராது என்றால், பூட்டு இல்லாத பீரோ வாங்கிய கதை தான்.

தம்பி சொன்னபடி அந்தக் கடையில் மெஷினை ஆன் பண்ணச் சொன்னேன். ஸ்டார்ட், செட்டிங்ஸ், சிஸ்டம், கடைசியில் அபவுட். அங்கே சிப்பின் பெயர் முழுசாக வரும். ஐ5-6500டி என்று வந்தது. "தம்பி, இது ஆறாவது தானே?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். "அதெல்லாம் ஓடும்க்கா, வீட்டுக்குத் தானே" என்றார். வீட்டுக்குத் தானே! அந்த வார்த்தைக்காகவே எழுந்து வந்து விட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆறாவது தலைமுறைப் பெட்டி குப்பை இல்லை. விண்டோஸே வேண்டாம், லினக்ஸ் மின்ட் மாதிரி இலவசமாகக் கிடைப்பதைப் போட்டுக் கொள்கிறேன் என்பவர்களுக்கு அது தாராளமாகப் போதும், அப்டேட்டும் வரும். ஆனால் அந்த விலைக்குப் பேசி வாங்க வேண்டும். எட்டின் விலையைக் கொடுத்து ஆறை வாங்கக் கூடாது.

வேறு கடையில் கிடைத்தது ஐ5-8500டி. 2018-ல் வெளிவந்த சிப். எட்டு ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., விலை ரூ.13,500. ராம் என்பது அடுப்படி மேடை. எஸ்.எஸ்.டி. என்பது சாமான் அலமாரி. மேடை சின்னதாக இருந்தால் ஒரே நேரத்தில் நாலு வேலை வைத்துக் கொள்ள முடியாது. எட்டு ஜி.பி. இருந்தால் குடும்ப வேலைக்குப் போதும். பதினாறு கேட்டு அதிகம் கொடுக்க வேண்டாம். நாலு ஜி.பி. என்றால் வேண்டவே வேண்டாம். எஸ்.எஸ்.டி.க்குப் பதில் பழைய ஹார்டு டிஸ்க் வைத்துக் கொடுத்தால் ஆன் ஆவதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்து விடும்.

கடையிலேயே இன்னும் சிலவற்றைப் பார்த்து விட்டேன். கையோடு ஒரு பென் டிரைவ் கொண்டு போய் எல்லா யு.எஸ்.பி. ஓட்டையிலும் சொருகிப் பார்த்தேன், ஒன்று கூடச் சோடை இல்லை. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் என்ற இடத்தில் விண்டோஸ் "ஆக்டிவ்" என்று காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் திருட்டு விண்டோஸாகவோ பாதியில் நின்றதாகவோ இருக்கலாம். ஆபீஸில் இருந்த மெஷின் என்பதால் ஆரம்பத்தில் வரும் பயாஸ் பக்கத்தைப் பழைய கம்பெனிக்காரர்கள் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கலாம். அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு அடாப்டர். லேப்டாப் அடாப்டர் மாதிரி தான் இருக்கும், பெரும்பாலும் 65 வாட். மெஷினோடு வந்ததே வேண்டும். சில மெஷின்கள் மாற்று அடாப்டரை மாட்டினால் மெதுவாகத் தான் ஓடும். ஜி.எஸ்.டி. பில், அதில் வாரண்டி எத்தனை மாதம் என்று எழுத்தில். வாய் வார்த்தை வாரண்டி எல்லாம் படியிறங்கினதும் காற்றோடு போய் விடும்.

மானிட்டரும் பழையது தான், 22 அங்குலம், ரூ.3,500. வீட்டு டி.வி.யிலேயே மாட்டலாம் என்று முதலில் நினைத்தேன். மாட்டலாம் தான், சினிமா பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் எங்கள் 32 அங்குல டி.வி. மாதிரி பழைய "எச்.டி. ரெடி" டி.வி.க்களில் பொடி எழுத்து கலங்கலாகத் தெரிகிறது. ஓரங்கள் வெட்டிக் கொண்டு போனால் டி.வி. செட்டிங்கில் படத்தின் அளவை மாற்ற வேண்டும். அதை விட, டி.வி.யில் கம்ப்யூட்டர் என்றால் சீரியல் நேரத்தில் அத்தையை எழுப்ப வேண்டும். அது நடக்கிற காரியமா?

வீட்டுக்கு வந்ததும் என் பழைய தையல் மெஷின் மேஜையைத் துடைத்து, ஹாலில் ஜன்னல் வெயில் நேராகப் படாத சுவர் ஓரமாகப் போட்டேன். அத்தை சந்தனக் கிண்ணத்தோடு வந்து விட்டார்கள். "காத்துப் போற ஓட்டையில மட்டும் வைக்காதீங்க அத்தை" என்றேன். பொட்டை மேலே நடுவில் வைத்து விட்டு, "இம்மாத்தூண்டு டப்பாவுக்குப் பதிமூணாயிரமா?" என்று ஒரு கேள்வி. கூடவே, டி.வி.க்கும் மிக்சிக்கும் தைத்த மாதிரி இதற்கும் ஒரு துணி உறை தைத்து விட்டார்கள். இதில் எச்சரிக்கை வேண்டும். உள்ளே சின்ன ஃபேன் ஒன்று காற்றை இழுத்து வெளியே தள்ளிக் கொண்டே இருக்கும். ஓடும் போது துணி போட்டு மூடினால் சூடேறி விடும். அணைத்த பிறகு வேண்டுமானால் மூடலாம். அடுப்படிக்குப் பக்கத்திலும் வேண்டாம், தாளிக்கிற எண்ணெய்ப் புகையோடு தூசி சேர்ந்தால் உள்ளே பிசுக்கு பிடித்துக் கொள்ளும்.

மாட்டுவது பிரமாதம் ஒன்றும் இல்லை. கீ போர்டும் மவுஸும் யு.எஸ்.பி.யில், மானிட்டர் கேபிள் ஒன்று, அடாப்டர் ஒன்று. எங்கள் பிராட்பேண்ட் மோடம் ஹாலிலேயே இருப்பதால் நூறு ரூபாய்க்கு ஒரு லேன் கேபிள் வாங்கிச் சொருகினேன். ஆபீஸ் மெஷின்களில் பலவற்றில் வைஃபை இருக்காது, கேட்டு வாங்குங்கள். மோடமே இல்லாத வீட்டில் ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் கம்ப்யூட்டரில் சொருகி, போனில் "யு.எஸ்.பி. டெதரிங்" என்பதை ஆன் செய்தால் போனின் நெட் அப்படியே வந்து விடும்.

சிக்கல் வந்தது மானிட்டர் கேபிளில். இந்த மெஷின்களில் பெரும்பாலும் "டிஸ்ப்ளே போர்ட்" என்ற ஓட்டை தான் இருக்கும். ஒரு பக்க மூலை மட்டும் வெட்டின மாதிரி இருக்கும். மானிட்டரில் எச்.டி.எம்.ஐ. ஒரு முனை அது, மறு முனை இது என்று கடையில் ஒரு கேபிள் கொடுத்து விட்டார்கள். எல்லாம் சரியாகச் சொருகியும் திரை கறுப்பு. அட்டையைப் படித்தேன். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து டிஸ்ப்ளே போர்ட்டுக்கு என்று போட்டிருந்தது. நமக்கு வேண்டியது தலைகீழ். இந்தக் கேபிள்களில் திசை உண்டு தோழிகளே, ஒரு வழிப் பாதை மாதிரி. கடையில் காட்டியதும் மறு பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள், விலை ரூ.450. மாட்டியதும் படம் வந்து விட்டது.

கரண்டைப் பற்றிக் கேட்பீர்கள். நெட் பார்க்கும் போது பெட்டி சுமார் 15 வாட், மானிட்டர் 25 வாட் என்று வைத்துக் கொள்ளுங்கள். தினம் நாலு மணி நேரம் என்றால் இரண்டு மாத மின் கணக்குக்குப் பத்து யூனிட்டுக்குள் தான். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி பத்து மணி நேரத்தில் தின்பதை இது இரண்டு மாதத்தில் தின்கிறது. ஆனால் இதற்குள் பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் பட்டென்று அணையும், எழுதினதைச் சேமிக்காமல் இருந்தால் போனது போனது தான். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதன் முதுகில் யு.பி.எஸ். மோடு என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதில் வைத்துப் பாருங்கள், மாறும் நேரம் குறையும். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாததால் பிறகு ரூ.2,800-க்குச் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கினேன். நிதானமாகச் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கிறது. கீ போர்டு, மவுஸ் ரூ.700-ம் சேர்த்து ஆகமொத்தம் ரூ.21,050. ஒரு நல்ல புது மொபைலின் விலை கூட இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் யார் பெயரில் திறக்கிறது? பல வீடுகளில் மகன் பெயர், அல்லது வீட்டுக்காரர் பெயர். விண்டோஸில் ஒரே மெஷினில் ஆளுக்கு ஒரு கணக்கு வைத்துக் கொள்ளலாம். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போனால் சேர்க்கலாம். அதில் இரண்டு வகை. ஒன்று அட்மினிஸ்ட்ரேட்டர், புதிதாக எதை ஏற்றவும் நீக்கவும் அதிகாரம் உள்ளவர். மற்றது ஸ்டாண்டர்டு, தன் வேலையைப் பார்த்துக் கொள்ளலாம், மெஷினில் கை வைக்க முடியாது. எங்கள் வீட்டில் அட்மின் நான். அவருக்கும் பெண்ணுக்கும் பையனுக்கும் ஸ்டாண்டர்டு. பையன் ஏதோ கேம் இறக்கப் போனால் என் பாஸ்வேர்டு கேட்கும். "என்னம்மா, எல்லாத்துக்கும் உன்கிட்டயே வரணுமா?" என்கிறான். பீரோ சாவி யாரிடம் இருக்கிறது, அதே மாதிரி தான்டா என்றேன். என் கணவர் முதலில் சிரித்தார். இரண்டாவது மாதம் "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யவும்" என்று சிவப்பாக ஒரு பக்கம் வந்து, எதையோ ஏற்றச் சொல்லி, அதற்கு அட்மின் பாஸ்வேர்டு கேட்டதும் என்னைக் கூப்பிட்டார். பார்த்து மூடி விட்டேன். இப்போது சிரிப்பதில்லை.

ஆளுக்கொரு கணக்கு என்பதால் என் கோப்புகள் என்னிடம், அவர்களது அவர்களிடம். இருந்தாலும் பேங்க் பாஸ்வேர்டை மட்டும் "சேமிக்கவா" என்று கேட்டால் நான் எப்போதும் வேண்டாம் என்று தான் அழுத்துகிறேன்.

அடுத்தது தமிழ். போனில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிப் பழகின நமக்கு, கீ போர்டில் தமிழ் அடிப்பது மலைப்பாக இருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 என்ற விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. மொழியில் தமிழைச் சேர்த்து அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், காசு கிடையாது. இதில் உயிரெழுத்துக்கள் இடது கைப் பக்கம், மெய்யெல்லாம் பெரும்பாலும் வலது கைப் பக்கம். ஆங்கில "எச்" இருக்கும் இடத்தில் க. "எஸ்" இருக்கும் இடத்தில் இ. இரண்டையும் தட்டினால் கி. அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ. புள்ளியை அதுவே வைத்துக் கொள்ளும். இதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது! ஆங்கிலத்துக்கு மாற, விண்டோஸ் படம் போட்ட விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்த வேண்டும். தினம் ராத்திரி அரை மணி நேரம் மளிகை லிஸ்ட் அடித்தே பழகினேன். உளுந்து, வெந்தயம், பெருங்காயம் என்று பதினைந்து நாளில் கை வந்து விட்டது. அந்தக் காலத்தில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த தோழிகள் இருந்தால், "அழகி" என்ற இலவச மென்பொருளில் உங்கள் பழைய டைப்ரைட்டர் முறையிலேயே அடிக்கலாம்.

பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். அரசுப் பாடநூல்கள் எல்லாம் இலவசமாக இறக்கிக் கொள்ளக் கிடைக்கின்றன. போனில் ஒரு பக்கத்தை இழுத்து இழுத்துப் படித்தவள், இப்போது முழுப் பக்கமும் கண்ணுக்கு நேராக வைத்துக் கொண்டு நோட்டு எழுதுகிறாள். எனக்கு மதுரைத் திட்டம். 1998-ல் தொடங்கியது, பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள், கல்கியின் பொன்னியின் செல்வன் உள்பட. மதியம் பாத்திரம் ஒழித்துப் போட்ட பிறகு அரை மணி நேரம் வந்தியத்தேவனோடு போகிறது.

ஆனால் இந்தப் பெட்டி எங்கள் தெருவில் பெயர் வாங்கியது வேறு காரணத்தால். நான் எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். பன்னிரண்டு பேர். சேமிப்பு, உள் கடன், வட்டி என்று மூன்று நோட்டு. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. பத்தாயிரம் கடன் வாங்கினால் மாதம் ஆயிரம் முதல், நூறு ரூபாய் வட்டி, பத்து மாதம் கட்ட வேண்டும். நான் எழுத வருவதற்கு முன்பிருந்தே அப்படித் தான் நடந்து வந்தது, யாரும் கேட்டதில்லை.

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் "கால்க்" என்று ஒன்று உண்டு, கட்டம் கட்டமாக இருக்கும். அதில் முதல் கட்டத்தில் பாக்கி முதல் 10,000. அடுத்த கட்டத்தில் சமக் குறி போட்டு, பாக்கிக் கட்டத்தைத் தொட்டு, நட்சத்திரக் குறி போட்டு, 1, சாய்கோடு, 100. வட்டி 100 என்று வந்தது. அடுத்த மாத வரிசையில் பாக்கி 9,000 ஆனதும் வட்டி தானாக 90 ஆகி விட்டது. கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் 80, 70, 60 என்று பத்து மாதமும் வந்து நின்றது. கூட்டினால் மொத்த வட்டி 550. நோட்டுக் கணக்கில் நாம் வாங்குவது ஆயிரம்! கட்டித் தீர்த்த முதலுக்கும் சேர்த்து வட்டி வாங்கிக் கொண்டிருக்கிறோம். ஒரு கடனுக்கு 450 ரூபாய் கூடுதல். அது குழுவின் பொதுப் பணத்தில் தான் சேருகிறது, யாரும் எடுத்துக் கொண்டு போகவில்லை. ஆனால் கடன் வாங்குகிறவர்கள் யார்? வீட்டு வேலைக்குப் போகிறவரும், இட்லிக் கடை போட்டிருப்பவரும் தான் அடிக்கடி வாங்குகிறார்கள். கடனே வாங்காமல் சேமிப்பு மட்டும் போடுகிறவர்களுக்கு வருடக் கடைசியில் பங்கு வருகிறது.

அடுத்த மாதக் கூட்டத்தை எங்கள் ஹாலில் வைத்தேன். பன்னிரண்டு பேரும் மானிட்டரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வாயால் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். கண் முன்னால் எண் மாறுவதைப் பார்த்ததும் இட்லிக் கடை அக்கா, "இன்னொரு தபா இழு, பார்ப்போம்" என்றார். இழுத்தேன். "அஞ்சு வருஷமா கட்டுறனே" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. வட்டி குறைந்தால் பங்கு குறையுமே என்று இரண்டு பேருக்கு மனசில்லை, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, இனி பாக்கி முதலுக்கு மட்டும் வட்டி என்று தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பழைய கடன்களுக்கு என்ன செய்வது என்று இன்னும் பேசிக் கொண்டிருக்கிறோம். இப்போது மாதா மாதம் ஒவ்வொருவருக்கும் சேமிப்பு எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று ஒரு சீட்டு. பிரிண்டர் வாங்கவில்லை. பென் டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடையில் எடுத்து வந்து விடுகிறேன். அதே கணக்கின் இன்னொரு பிரதி வேறொரு பென் டிரைவில் பீரோவுக்குள் இருக்கிறது. நோட்டையும் விடவில்லை, பேங்கில் நோட்டு தான் கேட்கிறார்கள்.

எட்டு மாதத்தில் வந்த ரிப்பேர் ஒன்றே ஒன்று. ராத்திரி சுவர் சுவிட்சை அணைத்து விட்டுக் காலையில் போட்டால், கடிகாரம் ஏதோ பழைய வருடத்தைக் காட்டியது. தேதி தப்பானால் பேங்க் பக்கங்கள் எல்லாம் "பாதுகாப்பில்லை" என்று கதவைச் சாத்தி விடும். பயந்து விடாதீர்கள். உள்ளே ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வட்ட பேட்டரி ஒன்று இருக்கிறது, சி.ஆர்.2032 என்பார்கள். பழைய மெஷினில் அது தீர்ந்திருக்கும். அடாப்டரைக் கழற்றி, மூடியைத் திறந்து அதை மாற்றினால் சரியாகி விடும். எனக்கு ஐம்பது ரூபாயோடு முடிந்தது. திறந்த கையோடு பெயிண்ட் பிரஷ் கொண்டு ஃபேனில் இருந்த தூசியையும் தட்டி விட்டேன்.

இட்லிக் கடை அக்கா தன் பையனுக்காக ஒன்று வாங்கப் போகிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போகிறோம். பென் டிரைவையும், நம்பர் எழுதின துண்டுத் தாளையும் இப்போதே பர்சில் எடுத்து வைத்து விட்டேன்.

- குழுக் கணக்கு எழுதும் ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம்